ஆயாவைக் கேட்டு எழுதி வையுங்கள்!

நான் ரயில்வேயில் குமாஸ்தா. பெங்களூரில் ஒரு ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்டரில் உட்காருகிறேன். மற்ற நேரத்தில் இந்தப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறேன். எங்கள் பகுதியில் யாராவது காலமாகிவிட்டால், கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தையும் என்னிடம்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

"அம்மா தவறிட்டாங்க சார். போட்டோ கொண்டாந்திருக்கேன். நீங்களே நல்லதா நாலு வரி போட்டுடுங்க" என்பார்கள்.

"அம்மாவுக்குச் சொந்த ஊர் எது? என்ன வயசு? என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேட்பேன்.

வந்தவர் விழிப்பார். "ஊரு... ஆற்காடு பக்கம் ஏதோ சொல்வாங்க சார். வேலைக்கெல்லாம் போகலை. வீட்டுலதான் இருந்தாங்க" என்பார்.

கடைசியில் விளம்பரம் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். இன்னாரின் மனைவியும், இன்னாரின் தாயாரும், இன்னாரின் மாமியாருமான அம்மாள் இறைவனடி சேர்ந்தார். அதற்குக் கீழே மகன்கள், மருமகன்கள், பேரன்கள் பெயர்கள் ஒரு முழம் நீளத்துக்கு இருக்கும். இறந்துபோன அம்மாளைப் பற்றி ஒரு வரி இருக்காது.

இப்படி வந்தவர்களைப் பார்த்து நான் மனத்துக்குள் சிரித்ததுண்டு. பெற்ற தாயைப் பற்றி நாலு வரி தெரியாத பிள்ளை என்று நினைத்ததுண்டு. சென்ற ஆண்டு என் முறை வந்தது. என் ஆயா இறந்தார். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் அழைப்போம். அஞ்சலி எழுதப் பேனாவை எடுத்தேன். என் பேனாவும் ஓடவில்லை.

தங்கவயலுக்கு வந்த பெண்

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆயா குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். 1955 வாக்கில் தாத்தாவைக் கல்யாணம் செய்துகொண்டு கோலார் தங்கவயலுக்கு வந்தார். குடியாத்தத்தில் ரயில் ஏறி, ஜோலார்பேட்டை, குப்பம் வழியாக வந்து பங்காருபேட்டையில் இறங்கி, அங்கிருந்து மாரிகுப்பம் போகும் சின்ன ரயிலைப் பிடிக்க வேண்டும். பங்காருபேட்டையைக் கடைசிவரை பழைய பெயரில் 'பவுரிங்பேட்டை' என்றுதான் சொல்வார்.

தங்கவயலைப் பற்றி இளைய வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1880-ல் ஆங்கிலேய ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வேலையைத் தொடங்கியது. ஒரு காலத்தில் 30,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே உழைத்தார்கள். அவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்துத் தமிழர்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். சுரங்கத்துக்கு மின்சாரம் கொடுப்பதற்காக 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து 90 மைலுக்கு மேல் கம்பி இழுத்தார்கள். ஆனால் ஆயா வந்து இறங்கியபோது எங்கள் லைன் வீட்டில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்குதான்.

அப்படியிருந்தும் ஏன் போனார்கள்? ஊரில் நிலம் இல்லை. அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை ஆயா ஒரே ஒரு தடவை சொன்னார். "ஊர்ல அவங்க தெருவுல செருப்பு போட்டுக்கிட்டு நடக்க முடியாது கண்ணு. இங்கே உங்க தாத்தா பூட்ஸ் போட்டுக்கிட்டு டக்கு டக்குனு நடந்து வருவாரு. அந்தச் சத்தம் கேட்டாப் போதும் எனக்கு."

வீடு பத்தடிக்குப் பத்தடி. அதற்குள்தான் சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம். ஷிப்டுக்குச் சங்கு ஊதும். அந்தச் சங்குக்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். ஊதக்கூடாத நேரத்தில் சங்கு ஊதினால், கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு லைன் முழுவதும் உள்ள பெண்கள் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். பூமிக்குள் பாறை வெடித்தால் மேலே அலமாரியில் இருக்கும் பாத்திரம் உருளும். "முதல்ல பாத்திரம் சொல்லும், அப்புறம்தான் சங்கு சொல்லும்" என்பார் ஆயா.

கதவுக்குப் பின்னால் கரிக்கோடு

தாத்தா நோயில் படுத்துக் காலமானார். எந்த வருஷம் என்று கேட்டால், "காமராசர் போன வருஷம்" என்பார் ஆயா. அதாவது 1975. அப்போது ஆயாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. நான்கு பிள்ளைகள். என் தகப்பனார் மூத்தவர்; பதினைந்து வயது.

வந்த பணம் கடனுக்குச் சரியாகப் போயிற்று. ஊருக்குத் திரும்பிவிடும்படி உறவினர்கள் சொன்னார்கள். ஆயா போகவில்லை. லைன் முனையில் உட்கார்ந்து இட்லி சுட்டு விற்றார். அதில் மிச்சம் பிடித்து இருபது பெண்களைச் சேர்த்துச் சீட்டு நடத்தினார். சீட்டுப் பணத்தில் எத்தனையோ வீட்டுப் பெண்களுக்குக் கல்யாணம் நடந்தது. ஒரு தடவைகூடத் தகராறு வந்ததில்லை என்று எங்கள் லைனில் இன்றும் சொல்கிறார்கள்.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கெல்லாம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் உள்ள சுவரில்தான். அடுப்புக் கரியால் கோடு போடுவார். ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டு. பூனைக்கண்காரருக்கு இரண்டு புள்ளி. சுரங்கத்தில் விளக்கு அறையில் வேலை பார்த்தவருக்கு ஒரு வட்டம். கடன் ஏறினால் நிற்கும் கோடு. தீர்ந்தால் அதன் மேல் படுக்கைக் கோடு. நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் எண்ணக் கற்றது அந்தச் சுவரில்தான். இன்று கவுன்டரில் சில்லறை பிசகாமல் கணக்குக் கொடுக்கிறேன் என்றால், அதற்கு முதல் வாத்தியார் அந்தச் சுவர்.

1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. அப்போது நான் கைக்குழந்தை. பெங்களூரிலிருந்த எங்கள் உறவினர்களை அடுத்த வீட்டுக் கன்னடக் குடும்பம் இரண்டு நாள் மறைத்து வைத்து, மூன்றாம் நாள் ரயில் ஏற்றிவிட்டது. வந்தவர்கள் ஒன்பது பேர். ஏற்கெனவே ஆறு பேர் இருந்த அந்தப் பத்தடி வீட்டில் ஒரு மாதம் அவர்களுக்கும் சேர்த்து ஆயா உலை வைத்தார். ஊர் அடங்கிய பிறகு அந்தக் கன்னடக் குடும்பத்துக்கு என்று ஒரு தூக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்து அனுப்பினார். இதை என் தாயார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆயா சொன்னதில்லை.

2001 பிப்ரவரி 28-ந் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். என் தகப்பனாரும் அவர்களில் ஒருவர். நான் அப்போது பள்ளிப் பையன். தங்கவயல் ஆண்கள் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலை தேடி வரத் தொடங்கினார்கள். இன்றும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். இதைப் படிக்கிற பலர் அந்த ரயிலிலேயே உட்கார்ந்து படிக்கக்கூடும். சங்கு நின்றுவிட்டது, ஆயா எழும் நேரம் மாறவில்லை. முன்பு சங்குக்காக எழுந்தவர், இப்போது ரயிலுக்காக மூன்று மணிக்கு எழுந்து தகப்பனாருக்குச் சோறு கட்டினார். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறி ரயில்வேப் பரீட்சை எழுதி வேலைக்கு வந்த முதல் நாளும் அவர் கட்டிய சோறுதான்.

வெள்ளையடித்தவன் நான்

இனிச் சொல்வது என் தவறு.

என் கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தோம். ஆள் வைத்ததும் நான்தான், காசு கொடுத்ததும் நான்தான். கதவுக்குப் பின்னால் உள்ள சுவருக்கு ஆள் வந்தபோது, "இது என்னப்பா, ஒரே கரியா இருக்கு?" என்றான். "சேர்த்து அடி" என்றேன். ஆயா அங்கேயே நின்றிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "அடிக்கட்டும் கண்ணு. எல்லாம் தீர்ந்த கணக்குதானே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். சட்டைப் பையில் செல்போன் இருந்தது. தோன்றவில்லை.

ஆயா இறந்த பிறகு இறப்புச் சான்றிதழுக்கு ஓர் அலுவலகத்துக்கு அலைந்தேன். ரேஷன் கார்டில் ஒரு பெயர். வாக்காளர் அட்டையில் வேறு பெயர். தாத்தாவின் பழைய காகிதத்தில் மூன்றாவதாக ஒரு பெயர். மூன்றிலும் மூன்று வயது. அங்கிருந்த எழுத்தர், "இதில் எது சரி?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. பதில் சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கையால் சாப்பிட்டவன் நான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆயா பிறந்த கிராமத்துக்குப் போனேன். அவருடைய சித்தி மகள் ஒருவர் இருக்கிறார். கண் மங்கிவிட்டது; நினைவு மங்கவில்லை. அவர் சொல்லித்தான் ஆயாவுக்குப் பிறந்த வீட்டில் வைத்த பெயர் தெரிந்தது. நடவு வயலில் முதல் பாட்டை எடுத்துக் கொடுப்பது ஆயாதான் என்றும் தெரிந்தது. எங்கள் வீட்டில் ஆயா பாடி யாரும் கேட்டதில்லை.

பிறகு அவர் கேட்டார்: "தம்பிக்காரனைப் பத்திச் சொல்லியிருப்பாளே?"

"எந்தத் தம்பி?" என்றேன்.

கல்யாணமாகி வந்தபோது ஆயாவோடு துணைக்கு ஒரு தம்பியும் வந்தானாம். பத்து வயது. அந்த வருஷமே ஆடி மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனானாம். ஊருக்குத் தகவல் போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டதாம்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் ஆயா சாப்பிட மாட்டார். யாரோடும் பேசவும் மாட்டார். அம்மனுக்கு விரதம் இருக்கிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஏறத்தாழ எழுபது ஆடி. ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை.

'என்ன இருக்கிறது எழுத?'

"தலைவர்கள் வாழ்க்கையை எழுதலாம். இட்லி சுட்ட கிழவியைப் பற்றி என்ன எழுத?" என்று சில நண்பர்கள் கேட்கலாம்.

தங்கவயலுக்குப் போய்ப் பாருங்கள். ராபர்ட்சன்பேட்டை இருக்கிறது. ஆண்டர்சன்பேட்டை இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைகள் பெயர் ஊராகவே நிற்கிறது. எத்தனை ஆழம் தோண்டினார்கள் என்பதற்குப் புத்தகம் இருக்கிறது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். அந்தத் தங்கத்தை எடுத்தவர்களுக்கு விடியற்காலையில் சோறு கட்டிய கைகளின் கணக்கு எங்கே இருக்கிறது? கதவுக்குப் பின்னால் இருந்தது. அதைத்தான் என்னைப் போன்றவர்கள் வெள்ளையடித்துவிட்டோம்.

இது தங்கவயலின் கதை மட்டுமல்ல. மும்பைத் தாராவியில் இட்லி அவித்து மகனைப் படிக்க வைத்த தாய் உண்டு. பெங்களூரில் கட்டட வேலையில் சித்தாளாகக் கல் சுமந்து வீடு கட்டிக்கொடுத்த பாட்டி உண்டு. பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் நாம் கால் ஊன்றியிருக்கிறோம் என்றால், அதில் பாதிப் பாரம் அவர்கள் சுமந்தது. ஊரில் இருந்திருந்தால் அவர்களைப் பற்றிச் சொல்லப் பெரியப்பா, சித்தி, பக்கத்து வீட்டார் என்று பத்துப் பேர் இருப்பார்கள். பிழைக்க வந்த இடத்தில் அப்படி யாரும் இல்லை. அவர்கள் போனால் அவர்களோடு ஊர்ப் பெயரும் போய்விடும்.

நமக்கு நினைவு இல்லாமல் இல்லை. தேவைப்படும்போது நன்றாகவே வருகிறது. 2020 மார்ச் வரை ரயிலில் முதியோர் கட்டணச் சலுகை இருந்தது. பெண்களுக்கு 58 வயதிலிருந்தே பாதிக் கட்டணம். அப்போது கவுன்டருக்கு வரும் மகன்களுக்கு அம்மாவின் வயது மனப்பாடம். "போன மாசந்தான் சார் 58 முடிஞ்சது" என்று அடித்துச் சொல்வார்கள். சலுகை போயிற்று, வயதும் மறந்து போயிற்று. இப்போது, "ஒரு அறுபது, அறுபத்தஞ்சு போடுங்க சார்" என்கிறார்கள்!

செய்ய வேண்டியது என்ன?

எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். விடுமுறை நாளில் உங்கள் அம்மாவிடமோ ஆயாவிடமோ உட்காருங்கள். பிறந்த ஊர், பெற்றவர் பெயர், உடன்பிறந்தவர்கள் யார், இந்த ஊருக்கு எப்போது எப்படி வந்தார், என்னென்ன வேலை செய்தார் என்று கேளுங்கள். வருஷம் தெரியாவிட்டால் பரவாயில்லை. "காமராசர் போன வருஷம்", "இந்திரா அம்மாவைச் சுட்ட வருஷம்", "எம்.ஜி.ஆர். போன வருஷம்" என்று சொன்னாலே போதும். 1975, 1984, 1987 என்று நாம் போட்டுக்கொள்ளலாம். ஒரே நாளில் சொல்ல மாட்டார்கள். "அதெல்லாம் எதுக்குடா இப்போ" என்பார்கள். மறுபடியும் கேளுங்கள்.

இரண்டாவது, காகிதங்களைச் சரி செய்யுங்கள். 2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ரேஷன் கார்டுக்குக் குடும்பத் தலைவர் 18 வயது நிரம்பிய மூத்த பெண்தான். அந்தப் பெயரும் வயதும் மற்ற அட்டைகளோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். இறப்பு நேர்ந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். துக்கத்தில் அலைவதைவிட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எது சரியான பேரு ஆயா?" என்று கேட்டுத் திருத்துவது எளிது.

மூன்றாவது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் செய்கிறவரை 'வேலை செய்யாதவர்' பக்கத்தில்தான் சேர்க்கிறார்கள். அது சரியா என்பது பெரியவர்கள் பேச வேண்டிய விஷயம். ஆனால் இட்லி சுட்டு விற்பதும், பூக்கட்டி விற்பதும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பதும் வேலைதான். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக அறிவித்திருக்கிறார்கள். கணக்கெடுப்பவரிடம், "சும்மாதான் இருக்காங்க" என்று சொல்லாதீர்கள். செய்யும் வேலையைச் சொல்லுங்கள்.

நான்காவது என்னைப் போன்ற நிருபர்களுக்கும் சேர்த்து. அஞ்சலி விளம்பரத்தில் பேரன்கள் பெயரில் இரண்டைக் குறைத்தாலும் பாதகமில்லை. இறந்தவர் பிறந்த ஊரையும், அவர் செய்த தொழிலையும் ஒரு வரி சேருங்கள். "முப்பது வருஷம் இட்லிக்கடை நடத்தி நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர்" என்று போட்டால் அவருக்கும் பெருமை, நமக்கும் பெருமை.

ஆயாவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது எங்கள் வீட்டு நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. பிறந்த வீட்டில் வைத்த பெயர். அதற்குக் கீழே அந்தத் தம்பியின் பெயரையும் எழுதியிருக்கிறேன். இந்த ஆடியில் அவன் நாளில் நான் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தேன். ஏன் என்று என் மகள் கேட்டாள். சொன்னேன்.

ஆயா, "தீர்ந்த கணக்கு" என்றார். அவர் கொடுக்க வேண்டியதை எல்லோருக்கும் கொடுத்துத் தீர்த்துவிட்டார். நாம் கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கிறது. உங்கள் வீட்டில் ஆயா இருக்கிறார் என்றால், இன்றைக்கே கேளுங்கள்.